கொசுதானே என்று இருந்தேன்!

“அத்தை, குழந்தைக்குக் கொசுக்கடி ஆகவே ஆகாது. வலை கட்டிப் படுக்க வையுங்கள்” என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனாள் என் மருமகள். ‘கொசுக்கடி யாருக்குத்தான் ஆகும்? இந்த மாம்பலத்துக் கொசுக்களுக்கு நடுவில்தானே உன் புருஷனையும் வளர்த்தேன்!’ என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

பேரனுக்கு நாலு வயது. குன்னூர்க் குளிரில் வளருகிறவன். வந்த மூன்றாம் நாள் காலை, அவனுக்கு ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை அப்படி வீங்கியிருந்தது. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தொட்டால் சுட்டது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுண்ணாம்பைக் குழைத்துக் கையில் தடவினேன். குழந்தை வீரிட்டு அலறினான். அவசரமாக அலம்பிவிட்டு, எனக்கு எப்போதோ கொடுத்த மாத்திரையில் மிச்சம் இருந்ததைப் பாதியாக உடைத்தேன். நல்ல வேளை, கொடுக்க மனம் வரவில்லை. அடுத்த தெரு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“ராத்திரி படுக்கும்போது ஒன்றும் இல்லையே? மூச்சுத் திணறல், வாந்தி உண்டா?” என்று கேட்டுக்கொண்டே பரிசோதித்தார் அவர்.

“பயப்படாதீர்கள், அம்மா. இது கொசுக்கடி அலர்ஜி. ‘ஸ்கீட்டர் சிண்ட்ரோம்’ என்பார்கள். கடிக்கும்போது கொசு தன் உமிழ்நீரை உள்ளே விடுகிறது. அதிலுள்ள புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. சிறு குழந்தைகளுக்கும், புது ஊர்க் கொசுவிடம் அகப்படுகிறவர்களுக்கும் இது அதிகம். கடித்த சில மணி நேரத்திலேயே வீங்கிவிடும். கிருமி புகுந்த வீக்கம் பெரும்பாலும் இவ்வளவு சீக்கிரம் வராது. நாளுக்கு நாள் பரவும், வலிக்கும், சீழ் வைக்கும். சந்தேகமானால் வைத்தியர்தான் பார்க்க வேண்டும். மிச்ச மாத்திரை வேண்டவே வேண்டாம்!”

கடிவாயைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸை ஒற்றச் சொன்னார். அரிப்புக்கு வயதுக்கேற்ற அளவில் செட்டிரிசின் மருந்து. கையில் தடவ ஒரு களிம்பு. அது கண்ணருகில் படக் கூடாது. சொறிந்து புண்ணாக்காமல் இருக்க நகத்தை வெட்டச் சொன்னார். வீக்கம் முழுக்க வடியப் பத்து நாள்கூட ஆகலாமாம்.

“அபூர்வமாகச் சிலருக்கு உதடும் நாக்கும் வீங்கும், மூச்சு இழுக்கும், மயக்கம் வரும். அப்போது ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்” என்றும் எச்சரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் வேட்டையைத் துவக்கினேன். பூந்தொட்டித் தட்டு, ஃபிரிஜ்ஜின் பின்தட்டு எல்லாவற்றிலும் புழுக்கள் நெளிந்தன! முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதுமாம். அதனால் இப்போது வாரம் தவறாமல் கொட்டிக் கவிழ்த்துத் தேய்த்துவிடுகிறேன். பேரனுக்கு மாலையில் முழுக்கைச் சட்டை. கொசு விரட்டும் களிம்பை நானே தடவுகிறேன்; அவன் உள்ளங்கையிலும் கண், வாய்ப் பக்கத்திலும் தடவுவதில்லை.

மருமகளிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் மறைத்தேன். மூன்றாம் நாள் டெலிபோனில், சுண்ணாம்பு உள்படச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“வலை பரணில் இருக்கிறது, அத்தை. போன வருஷமே வாங்கி வைத்தேன்” என்றாள், மெதுவாக.

அன்றைக்கே இறக்கிக் கட்டினேன்.