கல்லெண்ணெய் ஊர்

எஸ்தோனியாவின் தலைநகரான டாலினிலிருந்து ரஷ்ய எல்லையை நோக்கி ரயிலில் பிரயாணம் செய்தால் வழியில் கிவியோலி என்ற சிற்றூர் வரும். அந்நாட்டுப் பாஷையில் 'கிவி' என்றால் கல். 'ஓலி' என்றால் எண்ணெய். ஊருக்கே கல்லெண்ணெய் என்றுதான் பெயர்!

சமவெளியில் திடீரென்று ஒரு குன்று தென்பட்டது. குன்று என்பது இயற்கை உண்டாக்கியது என்றே இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தி வருகிறேன். இதுவோ எண்ணெய் வடித்த கல்லின் சாம்பல் என்றார்கள்! குளிர்காலத்தில் அதன் சரிவில் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள்.

பழுப்பு நிறமான அந்தக் கல் நெருப்புக் காட்டினால் புகைந்து எரியும். காற்றுப்படாமல் உலையிலிட்டுச் சுமார் 500 டிகிரி உஷ்ணத்தில் வாட்டினால் ஆவி கிளம்பி, குளிர்ந்து எண்ணெயாகிறது. கேட்பதற்கு எளிதுதான். ஆனால் எரித்தால் கல்லின் எடையில் ஏறக்குறையப் பாதி சாம்பலாக மிஞ்சுகிறதே!

1918-ல் சுதந்திரப் பிரகடனம் செய்த அந்தச் சின்னஞ்சிறு தேசத்துக்கு இக்கல் பெரிய பற்றுக்கோடாயிற்று. ஆயினும் சோவியத் ஆட்சியில், 1948-ல், பக்கத்து ஊரான கோத்லா யார்வேயில் இதே கல்லிலிருந்து எடுத்த வாயு குழாய் வழியே லெனின்கிராடுக்குப் போயிற்று. கல் இவர்களுடையது, அடுப்பு எரிந்ததோ அங்கே! 1991-ல் சுதந்திரம் மீண்டது. மின்சாரக் கம்பிகளின் பிணைப்போ 2025 பிப்ரவரியில்தான் அறுந்தது.

இடைப்பட்ட காலத்தில் வீடுகளின் விளக்கு பெரும்பாலும் இந்தக் கல்லால் எரிந்தது. இப்பொழுது புகைக்கு ஐரோப்பாவில் விலை கட்ட வேண்டியிருப்பதால் கல் மின்சாரம் கட்டுப்படியாவதில்லை. காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பெருகி வருகின்றன.