உள்ளிருந்து வந்த பனி



வியாசர்பாடியில் காலையில் துடைத்த ஜன்னலில் மாலைக்குள் தூசி படிந்துவிடுகிறது. லாரிகளையும் ஆலைகளையும் குறை சொல்லிவிட்டு மறுபடியும் துடைக்கிறோம். துடைக்க ஒருவரும் போகமுடியாத இடத்தில் கண்ணாடி மங்கினால் என்ன செய்வது?

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 புறப்பட்டது. அதன் சூரியத் தொலைநோக்கியைப் பெங்களூருவை அடுத்த ஹோஸ்கோட்டேயில் மிகத் தூய்மையான அறையில் உருவாக்கினார்கள். அங்கே வேலை செய்தவர்கள் வாசனைத் திரவியம் பூசவும் தடை இருந்தது. அதன் ஆவி படிந்தாலும் கருவியின் பார்வை கெட்டுவிடும். கருவி நிற்கப்போவதோ 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால்.

ஆயினும், எவ்வளவு காத்தாலும் உள்ளிருந்தே மங்கல் வரக்கூடும். அதே ஆண்டு ஜூலையில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் தொலைநோக்கி, சூரியனுக்கு எதிர்த்திசையில் அதே தொலைவில் நிற்கிறது. ஒரே விண்மீன்களைத் திரும்பத் திரும்ப அளந்தபோது, அவற்றின் ஒளி சிறிது சிறிதாகக் குறைவதை நவம்பரில் கண்டார்கள். பூமியில் கட்டப்பட்டபோது கலம் காற்றிலிருந்து உறிஞ்சிய ஈரம், விண்வெளியில் மெல்லக் கசிந்து, சில நானோமீட்டர் கனமே உள்ள பனியாய்க் கண்ணாடியில் உறைந்திருந்தது. எல்லாவற்றையும் சூடாக்கினால் கருவியின் நேர்த்தி குலையும். ஆகவே 2024 மார்ச்சில் ஒரேயொரு கண்ணாடியை 34 டிகிரி மட்டும் சூடாக்கினார்கள். 100 நிமிடங்களில் பனி அகன்றது; முன்னைவிட 15 சதவீதம் கூடுதல் ஒளி கிடைத்தது.

பிரியமானவர்களே, என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊழியத்தின் தொடக்கத்தில் ஒரு துக்க வீட்டில் ஜெபிக்க நின்றபோது, வார்த்தை வராமல் அழுதேன். சென்ற மாதம் அதே தெருவில் மற்றொரு துக்க வீட்டில் ஜெபிக்கும்போதே, அடுத்த கூட்டத்தின் நேரத்தை மனதில் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். சொற்களில் பிழையில்லை, ஒருவரும் அறியவில்லை. அன்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ஊரின் புழுதியை நான் குற்றஞ்சாட்ட முடியாது.

மறுநாள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனேன். பிரசங்கிக்கவில்லை. மகனை இழந்த அந்தத் தாயின் அருகில் ஒரு மணிநேரம் அமர்ந்து, அவர் பேசியதைக் கேட்டேன்.

தன்னை ஆராயும்படி தேவனிடமே தாவீது வேண்டிக்கொண்டதை 139ஆம் சங்கீதத்தில் காண்கிறோம். இவ்வாரம் நீங்களும் பழைய அன்பு ஒன்றை எடுத்து இன்றைய அன்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் கலங்கவேண்டாம்; குளிர்ந்துபோன அந்த ஓர் இடத்திற்கு முதலில் திரும்பிச் செல்லுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் அறியாமல் எங்களுக்குள் உறைந்ததை உமது அன்பின் வெம்மையால் கரைத்தருளும். ஆமென்.