தண்ணீர் தின்ற ஓவியம்

வெயில் சுவரோவியத்தை வெளுக்க வைக்கும். ஆனால் அடியோடு அழிப்பது சுவருக்குள் இறங்கும் தண்ணீர். சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் வட்டாரத்தில், 24-ஆம் தெருவும் யார்க் தெருவும் கூடும் முனையில் அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1983-இல் ஹுவானா அலிசியா அங்கே லெட்யூஸ் அறுக்கும் பெண்களை வரைந்தார். தலைக்கு மேலே பூச்சிமருந்து தெளிக்கும் விமானம். ஒருத்தியின் வயிற்றில் கரு வெளியே தெரிந்தது. அலிசியாவே கர்ப்பிணியாக சலினாஸ் வயல்களில் வேலை பார்த்தவர். சுவரில் ஈரம் ஏறி அந்த ஓவியம் வீணாகிப்போனது.

2004-இல் அதே சுவரில் அவரே வேறொன்றை வரைந்தார். பெரும்பாலும் நீலம். பொலிவியாவின் கோச்சபாம்பாவில் தண்ணீருக்காகப் போராடியவர்கள், மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரில் கொலையுண்ட பெண்களுக்காகக் கறுப்புடையில் நிற்பவர்கள், கூடவே அணையை எதிர்த்து நிற்கும் நர்மதைப் பள்ளத்தாக்குப் பெண்கள். லத்தீன் அமெரிக்கர்களின் தெருவில் நர்மதை! அங்கிருந்து நகர வெகுநேரம் மனம் வரவில்லை.

மேற்கே சில தெருக்கள் தள்ளி பாமி சந்து. வீடுகளின் பின்வேலியும் கராஜ் கதவுகளும்தான் அங்கே சுவர். பலகை வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும், மேலிருக்கும் வண்ணம் பொருக்கு விடும். நான் போன அன்று வயதான பெண் ஒருவரும் இரண்டு இளைஞர்களும் ஒரு வேலியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். இளைஞர்கள் கிளம்பிய பொருக்கைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்தார்கள். நிறம் கலப்பது மட்டும் அந்த அம்மாவின் பொறுப்பு. பழைய புகைப்படத்தைப் பலகையில் குத்திவைத்து, தயிர்க் கோப்பையில் கலந்த சிவப்பில் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தார். அக்ரிலிக் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும். ஈரத்தைப் பார்த்து முடிவெடுத்தால் முகம் முழுக்கக் கறுத்துவிடும் என்றார். பொட்டு காய்ந்தது. தலையை ஆட்டிவிட்டு, கோப்பையில் துளி மஞ்சள் சேர்த்தார். மறுபடி பொட்டு, மறுபடி காத்திருப்பு. ஒரு கன்னத்துக்கே அரை மணி நேரம் போயிற்று. எனக்கு அது வீணாகத் தோன்றவேயில்லை.

இந்தச் சந்துக்கு வண்ணம் வந்தது 1970-களின் தொடக்கத்தில். பட்ரீசியா ரோட்ரிகெஸ், கிராசியேலா கரியோ உள்ளிட்ட பெண்கள் 'முஹேரெஸ் முரலிஸ்தாஸ்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். சாரம் கட்டி ஏறுவது ஆண்கள் வேலை என்றிருந்த காலத்தில் அவர்களே சாரம் கட்டி ஏறினார்கள். 1984-இல் ஓவியர் ரே பட்லான் முன்னின்று பல ஓவியர்களைத் திரட்டினார். எல் சால்வடோரிலும் நிகராகுவாவிலும் அமெரிக்கா தலையிட்டதற்கு எதிர்ப்பாகவும், அந்நாடுகளின் வாழ்வைக் கொண்டாடவும் சந்து முழுவதும் ஓவியங்கள் நிறைந்தன. போருக்குத் தப்பி அந்நாட்டு மக்கள் இதே தெருக்களில் வந்து குடியேறிக்கொண்டிருந்த சமயம் அது.

1977-இல் சூசன் செர்வாண்டெஸ் தொடங்கிய பிரெசிட்டா ஐஸ் என்ற சுவரோவிய அமைப்பு, வரையத் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பகுதி மக்கள் ஆளுக்கொன்றாகக் கிறுக்குவதெல்லாம் ஒரே வரைவாக்கப்பட்டுச் சுவரேறும். இந்த ஓவியங்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு வார்னிஷைவிட இதுதான் காரணம் என்பேன். தன் கை பட்ட சுவரை யாரும் கேட்பாரற்று விடுவதில்லை.

அந்தக் கைகள்தான் இப்போது ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. 2014-இல் நகராட்சி 24-ஆம் தெருவை லத்தீன் பண்பாட்டு வட்டாரமாக அறிவித்தது. வாடகை அதற்காக இறங்கிவிடவில்லை. வேலி வேலை செய்த இளைஞர்களில் ஒருவர் பிறந்தது இரண்டு தெரு தள்ளி. இப்போது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு அக்கரையிலிருந்து ரயிலேறி வருகிறார். கீழ்ப்பலகைகளின் வெட்டுமுனைகள்தான் தண்ணீரை முதலில் குடிக்கும் என்று காட்டினார். மழைக்காலத்துக்குள் அவற்றுக்கு இரண்டு பூச்சு பிரைமர் அடிக்க வேண்டுமாம். அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லிவிட்டு, பிரஷ்களைக் கழுவப் போனார்.