மாவுப் பாத்திரத்தில் இருவகை உயிரணுக்கள்



மார்சிலிங்கில் வசிக்கும் தாயார் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகள் முன்பு என்னிடம் தமிழ் பயின்றவள். இப்போது தொடக்கக்கல்லூரியில் உயிரியல் படிக்கிறாள். "டீச்சர், இவள் உயிரணுப் பாடத்தை ஆங்கிலத்தில்தான் படிக்கிறாள், தேர்வும் ஆங்கிலத்தில்தான். அதையெல்லாம் தமிழில் சொல்லத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை அவர்கள் வீட்டிலேயே இருந்தது. பேத்திக்குச் சளி பிடித்தால், முன்பு எப்போதோ மருத்துவர் கொடுத்து மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தேடி எடுத்துக் கொடுக்கும் பாட்டி அங்கே இருக்கிறார். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அந்த மாத்திரை ஏன் சளிக்கு உதவாது என்பதை அவருக்கு விளக்கக்கூடியவள் பாடம் படித்த பேத்திதான். அந்த விளக்கமோ இருவகை உயிரணுக்களுக்கு இடையிலான வேற்றுமையிலும் ஒற்றுமையிலும் அடங்கியிருக்கிறது.

இட்லி மாவிலிருந்து தொடங்கலாம். இரவு அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கிப் புளித்திருப்பதற்கு முதன்மைக் காரணம், லியூக்கோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். அவற்றோடு ஈஸ்ட் என்னும் பூஞ்சையும் அதே மாவில் வளர்வதுண்டு. பாக்டீரியா தொல்லுட்கரு உயிரி; ஈஸ்ட் மெய்யுட்கரு உயிரி. ஆங்கிலப் பாடநூல் புரோகேரியோட், யூகேரியோட் என்று சொல்வது இவற்றைத்தான்.

நம் வீவக வீடுகளை வைத்துப் பிள்ளைகளுக்கு விளக்கலாம். தொல்லுட்கரு உயிரணு, தடுப்புச் சுவர் இல்லாத ஓரறை வீடு. அதன் மரபுப் பொருளாகிய டிஎன்ஏ தனியறை இல்லாமல் நடுக்கூடத்திலேயே இருக்கும். மெய்யுட்கரு உயிரணு, ஐந்தறை வீடு. டிஎன்ஏவுக்கு உட்கரு என்ற தனியறை. ஆற்றல் தருவதற்கு மைட்டோகாண்ட்ரியா என்ற அடுக்களை. அளவிலும் வேறுபாடு உண்டு. பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரை. நம் உயிரணுக்களில் பெரும்பாலானவை அதைப்போல் பத்து மடங்கு அளவில் இருக்கும்.

ஆனால் ஒற்றுமைகள் இதைவிட ஆழமானவை. இரண்டிற்கும் உயிரணுச் சவ்வு உண்டு, டிஎன்ஏ உண்டு, புரதம் செய்யும் ரைபோசோம் உண்டு. டிஎன்ஏவில் எழுதப்பட்ட குறிப்பைப் படிக்கும் முறையும் ஏறத்தாழ ஒன்றே. அதனால்தான் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது பிழையின்றிப் படித்து இன்சுலினைத் தயாரிக்கிறது. அவ்வாறு செய்த இன்சுலின் 1982இல் மருந்தாக அனுமதி பெற்றது. நம் குடும்பங்களில் நீரிழிவுக்கு ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் பலர் இந்த ஒற்றுமையால் பயன்பெறுபவர்களே.

ஆன்டிபயாட்டிக்கோ வேற்றுமையைப் பயன்படுத்துகிறது. ரைபோசோம் இருவகை உயிரணுக்களிலும் இருந்தாலும் அமைப்பில் வேறுபடுகிறது. பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ், நம்முடையது 80எஸ். சிறிய பகுதி 30எஸ், பெரிய பகுதி 50எஸ், இரண்டும் சேர்ந்து 70எஸ் என்றதும், கூட்டினால் 80 அல்லவா வரவேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். எஸ் என்பது எடையன்று. வேகமாகச் சுழற்றும்போது துகள் எவ்வளவு விரைவில் அடியில் படிகிறது என்பதன் அளவு. அதனால் அது கூட்டலுக்குக் கட்டுப்படாது.

அந்த 30எஸ் பகுதியின் நுண்ணமைப்பையும், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள் அதில் எங்கே பொருந்துகின்றன என்பதையும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட குழுவின் தலைவர், 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோம் ஆய்வுக்காக 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசை தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார். பென்சிலின் வேறு வழியில் செயல்படுகிறது. அது பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. நம் உயிரணுவுக்குச் சுவரே இல்லாததால் அந்த வழியில் நமக்குத் தீங்கில்லை.

சளிக்குக் காரணமான வைரஸோ இவ்விரு வகையிலும் சேராது. அது உயிரணுவே அன்று. அதற்குச் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. தாக்க வேண்டிய இலக்கே இல்லாதபோது மாத்திரை எதைத் தாக்கும்? நம் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களைத்தான். எஞ்சியவற்றுள் மருந்தை எதிர்க்க வல்லவை பெருகிவிட்டால், நாளை உண்மையாகவே தேவைப்படும்போது அந்த மருந்து பயனற்றுப் போகலாம்.

இன்னொன்றும் உண்டு. நம் உயிரணுவின் அடுக்களையாகிய மைட்டோகாண்ட்ரியா, முற்காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. 1967இல் லின் மார்குலிஸ் இதை விரிவாக வாதிட்டபோது பலர் ஏற்கவில்லை. இன்று அது பாடநூல் செய்தி. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏவும், பாக்டீரியாவை ஒத்த ரைபோசோமும் இன்றும் உள்ளன. அந்த டிஎன்ஏவில் ஒருவகை மாற்றத்துடன் பிறந்தவர்களுக்கு, ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகள் செவித்திறனையே பறித்துவிடக்கூடும். பகைவனுக்கு எய்த அம்பு, அவன் சாயல் கொண்ட உறவினனையும் தைத்துவிடுகிறது. மருந்தை மருத்துவர் சொல்லாமல் உண்ணலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலத்தில் படித்த அறிவியல் பாடம் ஒன்றை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்கிவிட்டு வருமாறு மாணவர்களிடம் சொல்லுங்கள். வாய்மொழிப் பயிற்சிக்கு அது நல்ல பொருள். தமிழகத்தார் செல் என்பதை இலங்கையர் கலம் என்பர். நாம் உயிரணு என்கிறோம். எந்தச் சொல்லை எடுத்தாலும் சரி, கேட்பவருக்குப் பொருள் விளங்க வேண்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.