பதுளை மலையில் ஒரு பண்டிகை அடுப்பு

கொழும்புக் கோட்டையில் காலையில் ஏறிய இரயில் வண்டி, சுமார் 290 கிலோமீட்டர் தூரத்தை ஒரு பகல் முழுவதும் ஊர்ந்து கடந்து, மாலையில் என்னைப் பதுளையில் இறக்கிவிட்டது. மலைநாட்டுப் பாதையின் கடைசி நிலையம் அதுவே. வழியில் 1921ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டேன். தெமோதரையில் வண்டி ஒரு பெரிய வட்டமடித்து, தான் நின்று வந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து வெளிவந்த விந்தையையும் கண்டேன். இப்பாதை பதுளையை எட்டியது 1924இல். மலையிலிருந்து தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கிய வழியும், துறைமுகத்திலிருந்து மலைக்கு உணவை ஏற்றிய வழியும் இதுதான்.

நான் சென்றது 2023ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு. ஆசிரியராகப் பணிபுரியும் நண்பர் ஒருவர், தம் தாயார் வாழும் தோட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார். "எங்கள் மலையைப் பார்த்திருக்கிறீர்கள், எங்கள் அடுப்பைப் பார்த்ததில்லையே!" என்று அவர் கேட்டது என் மனத்தில் தைத்திருந்தது.

மறுநாட் காலை பதுளைக் கடைத்தெருவில் ஒரு சுற்றுச் சுற்றினோம். பழம்பெருமை வாய்ந்த முதியங்கனை விகாரை ஒரு பக்கம். 1857ஆம் ஆண்டுக் கல் தேவாலயம் ஒரு பக்கம். இந்துக் கோவிலும் பள்ளிவாசலும் சற்று நடந்தால் எட்டும் தூரம். கடைகளிலோ தீபாவளிக் கூட்டம். பச்சரிசியும் வெல்லமும் நல்லெண்ணெயும் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினோம். அரைமணி நேரத்தில் நகரத்து வெப்பம் கீழே தங்கிவிட்டது. தேயிலைச் சரிவுகளின் நடுவே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் லயத்துக் காம்பராக்கள் தென்பட்டன.

ரொட்டியின் கதை

நண்பரின் தாயார் எழுபதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கைகள். எங்களைக் கண்டதும் சாயத்தண்ணீரும், சுடச்சுட ரொட்டியும், சம்பலும் வைத்தார்.

இரண்டு கோப்பைக் கோதுமை மாவுக்கு ஒரு கோப்பைத் தேங்காய்ப்பூ, அளவான உப்பு. நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைந்து, உருட்டி, உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டு இருபுறமும் சிவக்கச் சுடவேண்டும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, ஒரு துண்டு மாசி ஆகியவற்றை அம்மியில் வைத்து நசுக்கி, தேங்காய்ப்பூ சேர்த்து அரைத்து, தேசிக்காய் பிழிந்தால் சம்பல். எளிய உணவுதான். ஆயினும், காலையில் இரண்டு ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டு மலையேறினால் நண்பகல் வரை தாங்கும், ஆறினாலும் கெடாது, குழம்பும் வேண்டாம். தோட்ட வேலையின் ஒழுங்குக்கு இசைந்து பிறந்த உணவு அது.

தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், இலைநோய் 1869 முதல் காப்பியை அழித்த பின்னர்த் தேயிலைக்கும் வந்தவர்கள் சோறும் கூழும் உண்டு பழகியவர்கள். இத்தீவில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்த மாவு அவர்களது அன்றாட உணவாயிற்று. அந்த ஒரு தட்டை உற்று நோக்கினால் உலகமே தெரிகிறது. மாவு கடல் கடந்தது, மிளகாய் போர்த்துக்கேயர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, மாசி மாலைதீவுக்குரியது, தேயிலையின் தாயகம் சீனம். சமைக்கும் இடத்துக்கு இங்கு வழங்கும் 'குசினி' என்னும் பெயரே போர்த்துக்கேயச் சொல். ஏழை வீட்டு அடுப்பில் இத்தனை நாடுகள்!

"அந்த மாவும் கிடைக்காத காலம் உண்டு, தம்பி" என்றார் அம்மையார். 1973, 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைத்தான் சொன்னார். பங்கீடு சுருங்கியது, சொந்தமாகப் பயிரிட ஒரு சாண் நிலமும் இல்லாத தோட்ட மக்கள் கீரையையும் கிழங்கையும் தேடி அலைந்தனர், பட்டினியால் மாண்டவர்களும் உண்டு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மாவின் விலை பல மடங்கு ஏறியபோது அந்தப் பழைய அச்சம் அவருக்கு மீண்டும் வந்ததாம். மாவுப் பானையை மூடும்போது விளிம்பில் ஒட்டிய துகளையும் அவர் விரலால் வழித்து உள்ளே தள்ளியதன் பொருள் எனக்கு அப்போது விளங்கிற்று.

நான்கு தட்டுகள்

மாலையில் பலகாரம் சுடத் தொடங்கினர். முறுக்கும் அதிரசமும் பயற்றம் உருண்டையும் ஒவ்வொன்றாக எழுந்தன. முதல் ஈடு ஆறியதும் அம்மையார் நான்கு தட்டுகளை எடுத்து நிரப்பி, வெள்ளைத் துணியால் மூடித் தனியே வைத்தார். கோவிற் பூசகர் வீட்டுக்கு ஒன்று. அடுத்த லயத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு ஒன்று. சந்திக் கடை முஸ்லிம் முதலாளி வீட்டுக்கு ஒன்று. கீழ்க்கிராமத்துச் சிங்கள வீட்டுக்கு ஒன்று.

"இப்பொழுதே ஏன்?" என்று கேட்டேன்.

"விடிஞ்சா இந்த அடுப்புல கறி ஏறிடும். அவங்கவங்க நோன்பு நமக்குத் தெரியுமா? சுத்தமா இருக்கையிலேயே எடுத்து வச்சிடணும்" என்றார். பிறர் சமயத்தை மதிப்பது பற்றி நான் படித்த நூல்கள் யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

போகும் தட்டுகள் வெறுமையாகத் திரும்புவதில்லை. சித்திரைப் புத்தாண்டில் சிங்கள வீட்டிலிருந்து கொக்கிஸும் பாற்சோறும் வரும். கொக்கிஸ் என்பது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பெயர். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்து அச்சில் தோய்த்து எண்ணெயில் பொரிப்பது. நோன்புப் பெருநாளன்று முதலாளி வீட்டு வட்டிலாப்பம். தேங்காய்ப் பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலம் சேர்த்து ஆவியில் அவித்தது. நத்தாருக்குக் கேக். தின்று பார்த்து, கேட்டுத் தெரிந்து, இந்த வீட்டுப் பெண்களும் அவற்றைச் செய்யக் கற்றுக்கொண்டனர்.

கடல் கடந்து வந்த எலுமிச்சை

அவ்வீட்டில் இன்னொருவர் இருந்தார்; நண்பரின் அக்காள். மகளுக்கு 4 வயதாக இருக்கையில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குச் சென்றவர், இடையே இருமுறை விடுமுறையில் வந்து, அவளது 15ஆம் வயதில்தான் அந்த ஆண்டு நிலையாகத் திரும்பியிருந்தார். மலைநாட்டுத் தாய்மார் பலருடைய கதை இது. பிள்ளையை வளர்த்தவர் அம்மாயிதான்.

தீபாவளியன்று எண்ணெய் முழுக்கும் பூசையும் முடிந்த பின், அக்காள் 'மக்பூஸ்' சமைத்தார். குவைத்து மக்கள் விருந்துக்குச் செய்யும் இறைச்சிச் சோறு அது. பட்டை, கிராம்பு, ஏலத்துடன், கருகலாக உலர்ந்த முழு எலுமிச்சையையும் துளையிட்டுப் போடுவர். அந்த மணம் காம்பராவை நிறைத்தது. எல்லோரும் விரும்பி உண்டோம்.

மகளும் உண்டாள். "நல்லாருக்கும்மா" என்றாள். பிறகு மெல்ல எழுந்து உள்ளே போய், "அம்மாயி, காலைல சுட்ட ரொட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

பரிமாறிக்கொண்டிருந்த தாயின் கை ஒரு கணம் நின்றது. ஒருவரும் பேசவில்லை.

இரவு திண்ணையில் அமர்ந்திருந்தபோது அவரே சொன்னார்: "அங்க பெருநாளைக்கு நாப்பது பேருக்கு ஆக்குவேன், ஐயா. எங்க தீபாவளி எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னே தெரியாது. என் கைச்சோறு ருசி ஊருக்கெல்லாம் தெரியும். என் புள்ளைக்குத் தெரியல." அந்தப் பணத்தில்தான் மகள் படிக்கிறாள், கூரையில் புதுத் தகரம் ஏறியது. அதை அவர் சொல்லவில்லை. நண்பர் பின்னர்ச் சொன்னார்.

நான் புறப்படவிருந்த காலையில் கண்விழித்தபோது, அடுப்பங்கரையில் அக்காள் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பதினொரு ஆண்டுப் பழக்கத்தில், 'குப்பூஸ்' என்னும் அரபு ரொட்டிக்குரிய பதத்தில் மாவை வழவழப்பாக இழுத்துக்கொண்டிருந்தார். மகள் அருகில் வந்து அமர்ந்தாள்.

"அம்மா, தேங்காப்பூ போடலையா?"

அவளே துருவலை அள்ளிப் போட்டுப் பிசையத் தொடங்கினாள். ஒரே சட்டியில் இரண்டு பேரின் கைகள். மூலையிலிருந்த அம்மாயி, "தண்ணி பத்தலடி" என்றார். யாரைச் சொன்னார் என்று கேளாமல் இருவரும் ஒருங்கே நீரைத் தெளித்தனர்.

சம்பலுக்குத் தேசிக்காய் இல்லை. அக்காள் சற்றுத் தயங்கி, உலர்ந்த எலுமிச்சையில் ஒரு சிறு துண்டை அம்மியில் வைத்து நசுக்கினார். அம்மாயி நாவில் வைத்துப் பார்த்தார். "புளிப்பு நல்லாத்தான் இருக்கு. அடுத்த வாட்டியும் போடு" என்றார்.

இரயில் வண்டி தெமோதரைச் சுரங்கத்தைக் கடந்ததும் நான் பொட்டலத்தைப் பிரித்தேன். ரொட்டி ஆறியிருந்தது, சம்பலில் குவைத்தின் மணம் வீசிற்று. இந்த மலையின் சமையல் இப்படித்தான் வளர்ந்து வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்: பஞ்சம் கொடுத்ததும், அண்டை வீடு கொடுத்ததும், பிரிவு கொடுத்ததும் ஒரே அம்மியில் அரைபட்டு.

இதை வாசிக்கும் மாணவ மாணவியர் தம் வீட்டு முதியவரிடம் ஒரு நாள் அடுப்பருகே அமர்ந்து கேட்கட்டும்: இந்தப் பண்டம் நம் வீட்டுக்கு எப்போது, யார் வழியாக வந்தது? கைப்பக்குவத்தோடு ஒரு வரலாறும் அவர்கள் கையில் சேரும்.