மேடம், எனக்கு ஒரு வேலை கொடுங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிடலாமா, சொந்தமா செய்யலாமானு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கீங்களா? நானும்தான்! அந்தக் குழப்பத்தோடதான் போன லீவுக்கு சேலத்துல பஸ் ஏறி, இருபது கொண்டை ஊசி வளைவும் சுத்தி, ஏற்காட்டுல எங்க வீட்டுக்கு வந்தேன். ராத்திரி கரன்ட் கட். மொட்டை மாடிக்குப் போனா, பனிமூட்டம் விலகி வானம் பூரா நட்சத்திரம். சட்டுனு பிரியம்வதா நடராஜன் ஞாபகம் வந்துச்சு.

பிறந்தது கோயம்புத்தூர், வளர்ந்தது டெல்லி. ஸ்கூல் பொண்ணா இருந்தப்பவே, டெல்லி நேரு கோளரங்கத்தின் இயக்குநரா இருந்த நிருபமா ராகவன்கிட்ட போய், ‘ஆராய்ச்சி பண்ண ஏதாவது கொடுங்க’னு கேட்டிருக்காங்க. சின்னப் பொண்ணுனு துரத்தாம, டெல்லி வானத்துக்கு நட்சத்திர வரைபடம் போடற வேலையைக் கொடுத்தார் நிருபமா. பிரியம்வதாகிட்ட இருந்தது கமடோர் 64 கம்ப்யூட்டர். மெமரியே மொத்தம் 64 கே.பி.தான், நம்ம செல்லுல ஒரு போட்டோகூட அடங்காது! அதுலயே ப்ரோகிராம் எழுதி முடிச்சிட்டாங்க.

அப்புறம் எம்.ஐ.டி., கேம்பிரிட்ஜ், இப்போ யேல் பல்கலைக்கழகப் பேராசிரியை. நட்சத்திரம் செத்துத்தான் கருந்துளை பிறக்கணும்னு இல்லை, ஆதிகாலத்து வாயுத் திரளே நேரடியா சரிஞ்சும் பிறக்கலாம்னு 2006-ல ஒரு ஆய்வுக் கட்டுரை, சக விஞ்ஞானியோட சேர்ந்து. அதுக்கு வலுவான சாட்சி கிடைச்சது 2023-ல. பெருவெடிப்பு நடந்து வெறும் 47 கோடி வருஷத்துலயே இருந்த ஒரு ராட்சசக் கருந்துளையை ஜேம்ஸ் வெப், சந்திரா தொலைநோக்கிகள் காட்டிக் கொடுத்தன. (நம்ம சந்திரசேகர் பேர் வெச்ச அதே சந்திரா!) பதினேழு வருஷம் காத்திருக்காங்க. எனக்கு இன்டர்னல் மார்க் வர ஒரு வாரம் லேட்டானாலே தூக்கம் வராது.

மாடியில நின்னப்பதான் ஒண்ணு பொறி தட்டுச்சு. டெல்லி மேப் ஏற்காட்டுக்கு ஆகாதே! துருவ நட்சத்திரம் அங்கே 28 டிகிரி உயரத்துல நிக்கும். இங்கே சுமார் 12 டிகிரிதான், சில்வர் ஓக் மரம் மறைச்சா அம்புட்டுதான். அகத்திய நட்சத்திரம் அங்கே உச்சத்துலயே 9 டிகிரியைத் தாண்டாது. நமக்கு 25 டிகிரி!

காலேஜ் திறந்ததும் ஒரு மேடம் ரூம் கதவைத் தட்டினேன். கை நடுங்குச்சு. ஏற்காடு வானத்துக்கு மேப் போடணும்னு உளறினதும், ‘சரி, கணக்கும் வானமும் ஒத்துப்போகுதானு முதல்ல அளந்துட்டு வா’னாங்க.

திங்கட்கிழமை காட்டணும். இப்போ மாடியில பாகைமானியும் கையுமா நிக்கிறேன். ‘இதுக்கெல்லாம் வேலை கிடைக்குமா கண்ணு?’னு கேட்டுக்கிட்டேதான் அப்பா டார்ச் பிடிக்கிறார்.