பணம் கொடுக்காமல் கிளம்பும் கார்கள்

பிரிட்டனில் பெட்ரோலை ஓட்டுநரே நிரப்பிக்கொள்கிறார், பணம் பெரும்பாலும் பிறகுதான். அந்த இடைவெளியில் சிலர் வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1978ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி இது குற்றம். 2 ஆண்டு வரை சிறை.

கேமராவில் நம்பர் பிளேட் பதிந்திருக்கும். 'நியாயமான காரணம்' காட்டினால், வாகனப் பதிவேட்டை வைத்திருக்கும் டிவிஎல்ஏ, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதையும் முகவரியையும் கட்டணம் வாங்கிக்கொண்டு பங்க் உரிமையாளருக்குத் தரலாம். 2002ஆம் ஆண்டு விதிகள் இதற்கு இடமளிக்கின்றன. பங்க் உரிமையாளரின் நஷ்டம் உண்மையானது, மறுக்க முடியாது.

ஆனால் வேறொரு காரின் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அப்போது பணம் கேட்கும் கடிதம் போய்ச் சேர்வது, அந்தப் பங்க்கையே பார்த்திராத ஒருவரின் வீட்டுக்கு.

பணம் கட்டினால்தான் இயங்கும் பம்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. முகவரிகளைக் கைமாற்றுவதைவிட அவற்றைப் பெருக்குவதே நல்லது.